சுதந்திரமா, சமத்துவமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களோடும் வாசிப்பு வட்டத்து நண்பர்களோடும் இந்தப் பொருளைப் பேசும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கல் கூடும். எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. அது பதில்களில் தெரியும், மறைக்கப் போவதில்லை.

ரெண்டுமே நல்ல விஷயம்தானே, அப்புறம் எதுக்கு ரெண்டும் மோதுதுன்னு சொல்றாங்க?

ஆளுக்கு ஆள் திறமை, உழைப்பு, அதிர்ஷ்டம், பெற்றோர் விட்டுப்போன சொத்து எல்லாம் வேறுபடும். அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டால் கொஞ்ச காலத்திலேயே ஏற்றத்தாழ்வு வந்துவிடும். அதைக் குறைக்க வரி, சட்டம், கட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று வேண்டும். அப்போது யாரோ ஒருவருடைய விருப்பம் தடைபடும். மோதல் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. 1789-ல் வெளியான பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னது. அன்றைக்கு இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: பிறப்பால் வந்த பிரபுக்களின் சலுகை. பிரபு ஒதுங்கிய பிறகு முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நின்றபோதுதான் இரண்டும் முறுக்கிக்கொண்டன.

சமத்துவம்னா எல்லாரையும் ஒரே அச்சுல வார்க்கறதா?

இல்லை. எதில் சமம் என்று முதலில் கேட்க வேண்டும். சட்டத்தின் முன் சமம், வாக்கில் சமம், வாய்ப்பில் சமம், வருமானத்தில் சமம், மரியாதையில் சமம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றை ஏற்கிறவர் இன்னொன்றை மறுக்கலாம். பாதி சண்டைகள் இதைச் சொல்லாமலே பேசுவதால் வருகிறவை.

அமர்த்தியா சென் 1979-ல் ஆற்றிய உரையின் தலைப்பே ‘எதில் சமத்துவம்?’ என்பதுதான். இரண்டு பேருக்கு ஒரே வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரால் நடக்க முடியாது. சக்கர நாற்காலிக்கும் உதவியாளுக்கும் வண்டிக்கும் கொடுத்தது போக மீதியில்தான் அவர் வாழ வேண்டும். கையில் இருக்கும் தொகை ஒன்று, வாழக் கிடைக்கும் வாழ்க்கை வேறு. அதனால் ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதோடு, அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதையும் பார்க்கச் சொன்னார். எனக்கு இந்தப் பார்வை பிடிக்கும். இங்கே சமமாகப் பங்கிடச் சொல்வதே ஒரு வகைச் சுதந்திரத்தைத்தான்.

சுதந்திரம்னா யாரும் குறுக்க வராம இருக்கறதுதானே?

அது ஒரு வகை. ஐசையா பெர்லின் என்ற தத்துவ அறிஞர் 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். பிறர் தலையீடு இல்லாமல் இருப்பது ஒன்று. தன் வாழ்க்கைக்குத் தானே எஜமானாக இருப்பது இன்னொன்று. இரண்டாவதன் பெயரால் ‘உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்று சர்வாதிகாரிகள் கிளம்பிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். நியாயமான அச்சம்.

ஆனால் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை முடியவில்லை. ஜி.ஏ.கோஹன் என்ற தத்துவ அறிஞர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். கையில் காசில்லாத ஒருவர் ரயிலில் ஏறுகிறார். பரிசோதகர் வருகிறார், டிக்கெட் கேட்கிறார், இறக்கிவிடுகிறார். இறங்க மறுத்தால் போலீஸ் வரும். இதில் குறுக்கே வருவது வறுமை என்ற ஏதோ இயற்கை நிகழ்வு அல்ல, சீருடை போட்ட மனிதர். பரிசோதகர் செய்தது சரிதான் என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அங்கே யாரும் குறுக்கே வரவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. பணம் குறைந்தவருக்கு இந்த முதல் வகைச் சுதந்திரமே குறைவாகத்தான் கிடைக்கிறது.

சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு ஆயாச்சு. அதுக்கு மேல என்ன சமத்துவம் வேணும்?

இதற்கு 1791-ல் பிரான்சில் நடந்ததைச் சொல்வேன். பாரிஸில் தச்சர்கள் கூடி, குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். அந்த ஜூன் மாதம் ல ஷாப்பலியே என்பவர் பெயரில் ஒரு சட்டம் வந்தது. ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் சங்கம் சேரக்கூடாது, கூடிக் கூலியை முடிவு செய்யக்கூடாது. தொழிலாளிக்கும் தடை, முதலாளிக்கும் தடை. சொன்ன காரணம் சுதந்திரம்: பழைய தொழிற்குழுக்களின் பிடி திரும்ப வரக்கூடாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிக் கூலியை முடிவு செய்துகொள்ளட்டும்.

வாசகப்படி பார்த்தால் இதைவிடச் சமமான சட்டம் இருக்க முடியாது. நடைமுறையில் நான்கு முதலாளிகள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் யாருக்கும் தெரியாது. நானூறு தச்சர்கள் கூடினால் தெரு நிறைந்துவிடும். தனியாளாக நின்று பேசும் தச்சருக்கு அடுத்த வாரத்துக்குள் வேலை வேண்டும். முதலாளியால் காத்திருக்க முடியும். வேலைநிறுத்தம் குற்றம் என்ற நிலை 1864-ல்தான் மாறியது. சங்கம் வைக்கும் உரிமை கிடைக்க 1884 ஆயிற்று. ஒரே சட்டம், ஒரே வாசகம், ஆனால் சுமை ஒரு பக்கம் மட்டும். சட்டத்தின் முன் சமம் என்பது அவசியம், அதில் சந்தேகமே இல்லை. அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொண்ணூறு வருடம் போதும்.

ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்ட ஒப்பந்தத்துல அரசு ஏன் மூக்கை நுழைக்கணும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-ல் இதையேதான் கேட்டது. பேக்கரித் தொழிலாளிகள் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. லாக்னர் என்ற பேக்கரி முதலாளி அதை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்தார். ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் இரு தரப்புக்கும் உண்டு, அதை இந்தச் சட்டம் மீறுகிறது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நான்கு பேர் மறுத்தார்கள். சட்டம் ரத்தானது. ஏறத்தாழ முப்பது வருடம் இதே வாதம் பல தொழிலாளர் சட்டங்களை வீழ்த்தியது. 1937-ல் எல்சி பாரிஷ் என்ற ஓட்டல் அறைப் பணியாளர், சட்டப்படி தனக்கு வரவேண்டிய குறைந்தபட்சக் கூலிக்காக நடத்திய வழக்கில்தான் நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது.

மனசார என்ற சொல்லைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மறுத்தாலும் பிழைத்துக்கொள்வேன் என்ற நிலையில் இருப்பவரின் சம்மதமும், மறுத்தால் அடுத்த வேளைக்கு வழியில்லை என்பவரின் சம்மதமும் ஒன்றல்ல. இதற்காக எல்லா ஒப்பந்தத்திலும் அரசு நுழைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம வலுவுள்ள இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டாலும் அது அவர்கள் பாடு.

நான் உழைச்சு சம்பாதிச்சதை வரின்னு பிடுங்கறது என் சுதந்திரத்தைப் பறிக்கறதுதானே?

ஓரளவு ஆமாம். வரி கட்டுகிறவருக்கு அந்தப் பணத்தைச் செலவிடும் சுதந்திரம் போகிறது. சமத்துவம் பேசுகிறவர்கள் இதை மறுக்கக்கூடாது. வரியே கூடாது என்று சொல்வதாக இருந்தால், என் சொத்து எப்படி என் சொத்து ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பத்திரம், பதிவு, நீதிமன்றம், காவல் எல்லாமே பொதுப் பணத்தில் ஓடுகின்றன. எதைச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சட்டம்தான் தீர்மானிக்கிறது.

பிரிட்டன் 1833-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அவர்கள் ‘சொத்தை’ இழந்தார்கள் அல்லவா! அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அதற்கு மேல் பலரும் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானருக்கே கூலியில்லாமல் உழைத்தார்கள். சொத்துரிமையைக் கேள்வியே கேட்கக்கூடாத சுதந்திரமாக எடுத்துக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, யாரையும் ஏமாத்தாம, திறமையால மட்டும் ஒருத்தர் பணக்காரர் ஆனா? அதுல என்ன தப்பு?

ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1974-ல் இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டார். எல்லோரிடமும் சமமாகப் பணம் இருக்கிறது. வில்ட் சேம்பர்லைன் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாகப் போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் வந்தால் அவர் கையில் இரண்டரை லட்சம் டாலர். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைத் தடுப்பதென்றால், சம்மதத்தோடு நடக்கும் செயல்களில் ஓயாமல் தலையிட வேண்டும் என்றார்.

பலமான வாதம். அவர் பணக்காரர் ஆனதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கேள்வி அடுத்த கட்டத்தில்தான் எழுகிறது. அந்தப் பணத்தால் என்னென்ன வாங்க முடியும்? பெரிய வீடும் படகும் வாங்கினால் வாங்கட்டும். நீதிமன்றத்தில் சாதகமான முடிவையும், சட்டமன்றத்தில் வாக்குகளையும், போட்டியே இல்லாமல் பிள்ளைக்குப் பதவியையும் வாங்க முடிந்தால்? அப்போது 25 சென்ட் போட்ட ரசிகர், தான் சம்மதிக்காத ஒன்றுக்கும் விலை கொடுத்திருக்கிறார்.

முதல்ல சமத்துவத்தைக் கொண்டுவந்துடுவோம், சுதந்திரத்தை அப்புறம் பார்த்துக்கலாமே?

இது நடந்து பார்த்த விஷயம். சோவியத் யூனியனின் 1936 அரசமைப்புச் சட்டம் பேச்சு, அச்சு, கூட்டச் சுதந்திரங்களைத் தாளில் வாரி வழங்கியது. அதற்கு முன்பே, 1932-ல், உள்நாட்டுப் பாஸ்போர்ட் முறை வந்திருந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. 1970-கள் வரை அவர்களால் இஷ்டப்படி ஊர் மாறிப் போக முடியவில்லை. 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது அதை எழுத அந்த நாட்டில் ஒரு பத்திரிகை இல்லை.

சுதந்திரம் பின்னால் வரும் என்று காத்திருந்தவர்களுக்குச் சமத்துவமும் நிலைக்கவில்லை. அதிகாரிகளுக்குத் தனிக் கடை, தனி மருத்துவமனை என்று ஆயிற்று. அதைத் தட்டிக்கேட்க வாய் திறக்க முடியாது. கேள்வி கேட்கும் உரிமை போன இடத்தில், கேட்க முடியாதவருக்கும் ஆள்பவருக்கும் நடுவில் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டாகிவிடுகிறது.

அப்போ சுதந்திரத்தை விட்டுவெச்சா சமத்துவம் தானா வந்துடுமா?

வராது. சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். வளமான நாடு, எதற்கெடுத்தாலும் மக்களிடமே வாக்கெடுப்பு. 1959-ல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் அந்த உரிமை 1971-ல்தான் வந்தது. நியூசிலாந்துப் பெண்கள் 1893-லேயே பெற்றது அது.

என் கடை, என் இடம். யாரை உள்ள விடணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?

1964-ல் அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் வந்தபோது ஓட்டல் முதலாளிகள் இதைத்தான் சொன்னார்கள். கறுப்பினத்தவருக்கு அறை இல்லை, மேசை இல்லை என்று சொல்லும் உரிமை தங்கள் சுதந்திரம் என்றார்கள். சட்டம் அதை ஏற்கவில்லை. கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வியாபாரம் செய்கிறவர், நிறத்தைப் பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்றது.

அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாடகைக்கு விடும் அறைகள் ஐந்துக்கு மேல் இல்லாமல், உரிமையாளரே அந்தக் கட்டடத்தில் குடியிருந்தால் இந்த விதி பொருந்தாது. ஐந்தறை விடுதியில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அவமானம் குறைவா? இல்லை. ஆனாலும் ஒருவருடைய வீட்டு வாசலுக்கும் ஊர்ச் சந்தைக்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. அந்தக் கோட்டை நான் இன்னும் வீட்டுப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருப்பேன். கோடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பின்தங்கினவங்களுக்குத் தனி இடம் ஒதுக்கினா, அதுவே சமத்துவத்துக்கு விரோதம் ஆகாதா?

எந்தச் சமத்துவம் என்று பாருங்கள் (இரண்டாவது கேள்வி). விதியின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதுதான் சமத்துவம் என்றால், விரோதம்தான். வாய்ப்பு நிஜத்தில் எட்ட வேண்டும் என்றால், இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1951-ல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை முதல் அர்த்தத்தில் படித்து ரத்து செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் மூலம் இரண்டாவது அர்த்தத்துக்கும் இடம் வைத்தது. பல தலைமுறை மூடியிருந்த கதவை இன்று திறந்துவிட்டு ‘இனி எல்லோரும் சமம்’ என்பது, தச்சர்களைப் பார்த்து முதலாளியோடு தனியாகப் பேசிக்கொள் என்ற அதே நியாயம்தான்.

பேச்சுச் சுதந்திரம் எல்லாருக்கும் சமம்தானே? பணக்காரர் கொஞ்சம் சத்தமா பேசினா என்ன?

இது நிஜமாகவே கடினமான இடம். சிலருடைய குரலை உயர்த்த மற்றவர்களுடைய பேச்சை அரசு கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணமே தங்கள் அரசமைப்புக்கு அந்நியமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-ல் சொன்னது. வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு இருக்கலாம், தேர்தல் செலவுக்கு வரம்பு கூடாது என்பது தீர்ப்பு. கனடா உச்ச நீதிமன்றம் 2004-ல், கட்சி சாராத வெளியாரின் தேர்தல் விளம்பரச் செலவுக்கு வரம்பு வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யவே முடியாது. மூன்றுமே பேச்சுச் சுதந்திரம் உள்ள நாடுகள்.

நான் கனடாப் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு: செலவு வரம்பை எழுதுகிறவர்கள் ஏற்கெனவே பதவியில் இருக்கிறவர்கள். புதிதாக வருகிறவரின் கையைக் கட்டிப்போடவும் அதே விதியைப் பயன்படுத்தலாம். எனவே எவ்வளவு வரம்பு என்பதோடு, அதை யார் எழுதுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லாரையும் கீழ இறக்கினாலும் சமத்துவம் வந்துடுமே. கண் தெரியறவங்க கண்ணைக் குத்திட்டா எல்லாரும் சமமா?

அப்படி ஒரு சமத்துவம் எனக்கு வேண்டாம். தத்துவ அறிஞர்கள் பலகாலமாக விவாதிக்கும் ஆட்சேபம் இது, சரியான ஆட்சேபமும்கூட. நான் கேட்பது ஒருவர் இன்னொருவர் முன் கைகட்டி நிற்காமல் இருப்பது. அடுத்தவர் கண்ணைக் குத்துவதால் அது வராது.

ஆனால் சில விஷயங்களில் மேலே இருப்பதைக் குறைத்தால் கீழே இருப்பது தானாகவே உயரும். வழக்கில் ஒரு பக்கம் பத்து வழக்கறிஞர்கள், மறுபக்கம் ஒருவர். பத்தை மூன்றாக்கினால் அந்த ஒருவரின் நிலை அப்போதே மேம்படும். முந்தைய பதிலில் சொன்ன தேர்தல் செலவும் இந்த ரகம்தான். எது கண்ணைப் போன்றது, எது வழக்கறிஞர் எண்ணிக்கையைப் போன்றது என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் விவாதம் நகராது.

ரெண்டுல எது முதல்னு யாராவது உருப்படியா வரிசைப்படுத்தியிருக்காங்களா?

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-ல் ஒரு வரிசை கொடுத்தார். பேச்சு, மனசாட்சி, வாக்கு போன்ற அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். பணத்துக்காக அவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதன் பிறகு நியாயமான வாய்ப்புச் சமத்துவம். அதற்கும் பிறகு மிஞ்சும் ஏற்றத்தாழ்வு, அடிமட்டத்தில் இருப்பவருக்கு நன்மை தருவதாக இருந்தால் மட்டுமே இருக்கலாம். அவருடைய அடிப்படைச் சுதந்திரப் பட்டியலில் சொந்த உடைமை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆலையும் சுரங்கமும் தனியார் கையில்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. ‘என் சுதந்திரம் போச்சு’ என்று ஒருவர் சொல்லும்போது எந்தச் சுதந்திரம் என்று கேட்க இது உதவும்.

இதையெல்லாம் சட்டம் போட்டே சாதிச்சுட முடியுமா?

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் பேசும்போது இதைத் தொட்டார். சமத்துவம் இல்லாத சுதந்திரம் பலர் மேல் சிலரின் ஆதிக்கமாகும். சுதந்திரம் இல்லாத சமத்துவம் தனிமனித முனைப்பைக் கொன்றுவிடும். சகோதரத்துவம் இல்லாவிட்டால் இவை இரண்டும் இயல்பாக நிகழாது, அமல்படுத்தப் போலீஸ்காரர்தான் வர வேண்டும் என்றார். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது சட்டத்தின் கையில் முழுசாக இல்லை.

என் பிள்ளைக்கு நான் நல்லது செய்யறதும் தப்பா? அதுவும் ஏற்றத்தாழ்வுதானே உண்டாக்குது?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகச் சிக்கலானது இது. இரவில் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்கு ஒரு முன்னிலையைக் கொடுக்கிறார்கள். படிக்கத் தெரியாத பெற்றோரால் அதைக் கொடுக்க முடியாது. வாய்ப்புச் சமத்துவத்தைக் கடைசிவரை இழுத்தால் கதை சொல்வதையும் தடுக்க வேண்டிவரும். அதை எந்த மனிதரும் ஏற்க மாட்டார். நானும் ஏற்க மாட்டேன். இங்கே சுதந்திரத்தின் பக்கம் நின்று, கொஞ்சம் சமத்துவத்தை இழக்கிறோம். இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

மறுமுனையில், பரம்பரைப் பெருஞ்சொத்து. அதை வரியில்லாமல் கைமாற்றுவதற்கும் பாசத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கணிசமான வரி போட்டாலும் அப்பா அப்பாதான், பிள்ளை பிள்ளைதான். இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. காசு கொடுத்துத் தனிப் பள்ளியில் சேர்ப்பது கதை சொல்வதைப் போன்றதா, சொத்தைப் போன்றதா? பொதுப் பள்ளிகள் நன்றாக இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியின் கூர்மை பெரும்பாலும் மழுங்கிவிடுகிறது. அதனால் தனிப் பள்ளியைத் தடை செய்வதைவிடப் பொதுப் பள்ளிக்குப் பணத்தைக் கொட்டச் சொல்வேன். அதற்கான பணம் வரியிலிருந்துதான் வர வேண்டும். அங்கே மறுபடி வரி பற்றிய கேள்விக்கே வந்து நிற்போம். என் பதில் அங்கே சொன்னதுதான்.